புறா ரத்தமும் புது ஊசியும்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, வாய் கோணினால் முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரை அப்புறம் கூப்பிடலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலர் உட்பட நிறையப் பேர் அதற்குக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். சரி, இந்த முறை சர்க்கரை, தைராய்டு, முழங்கால் வலி எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிடுவோம். மூளையும் இதயமும் மட்டும்: ஸ்ட்ரோக் என்கிற பக்கவாதமும் மாரடைப்பும்.

அப்பாவுக்கு 67 வயது. காலை ஐந்தரை மணிக்கு அம்மா காபி கொண்டுபோனபோது வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வலது கை தூக்க வரவில்லை. எதிர்வீட்டு அண்ணன், வாட்ஸப்பில் வந்தது என்று சொல்லி, ஊசியை நெருப்பில் காட்டிப் பத்து விரல் நுனியிலும் குத்தி ரத்தம் எடுத்தார். நான் பிபி மாத்திரை ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்தேன். பக்கத்து கிளினிக்கில் ட்ரிப் ஏற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர பதினொன்றரை ஆகிவிட்டது. நேரம் தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது கை அசைகிறது, பிடிக்க வரவில்லை. நாங்கள் என்ன தப்பு செய்தோம்?
— மகள், கும்பகோணம்

அம்மா, உங்கள் வீட்டில் நடந்ததுதான் பாதி வீடுகளில் நடக்கிறது, அதனால் இதைத் தப்பு என்று நினைத்து மனசை வருத்திக்கொள்ள வேண்டாம். ஆனால் கேட்டதால் சொல்கிறேன்.

விரலில் குத்தியது மூளைக்கு எதுவும் செய்யாது. அடைப்பு இருப்பது மண்டைக்குள், சொட்டு சொட்டாக ரத்தம் எடுத்தது விரல் நுனியில். போனது நேரம்தான். ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 2006-இல் ஒரு கணக்குப் போட்டார்: மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் செத்துப்போகின்றன. பத்து விரலையும் குத்தித் துடைத்து முடிக்கக் கால் மணி நேரம் என்றால் இரண்டே முக்கால் கோடிக்கு மேல்.

பிபி மாத்திரை வேறு கதை, அது நிஜமாகவே கெடுதல் செய்யக்கூடியது. ஒரு குழாய் அடைத்துக்கொண்டதும் அக்கம்பக்கத்துச் சின்னக் குழாய்கள் வழியாகவாவது ரத்தத்தைத் தள்ள வேண்டும் என்று உடம்பே பிபியை ஏற்றிவைக்கிறது. அந்த நேரத்தில் நாம் மாத்திரை வைத்து இறக்கினால் கொஞ்சநஞ்சம் போய்க்கொண்டிருந்த ரத்தமும் நின்றுவிடும். சீனாவில் ஆம்புலன்ஸிலேயே பிபியை இறக்கிப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2024-இல் வந்தது, இன்டராக்ட்4 என்று பெயர், 2,404 நோயாளிகள். மூளையில் ரத்தக் கசிவு வந்தவர்களுக்கு அது நல்லது செய்தது, அடைப்பு வந்தவர்களுக்குக் கெடுதல் செய்தது, இரண்டையும் கூட்டிப் பார்த்தால் பலன் பூஜ்யம். கசிவா அடைப்பா என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது, முப்பது வருஷம் பார்த்த எனக்கும் தெரியாது, சிடி ஸ்கேனுக்குத்தான் தெரியும். இதே காரணத்துக்காக ஆஸ்பிரினும் வேண்டாம். நெஞ்சு வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்கச் சொல்வதைக் கேட்டுவிட்டு வாய் கோணலுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். கசிவு இருந்தால் அது எரிகிற வீட்டில் எண்ணெய். தண்ணீர்கூட வேண்டாம், தொண்டை வேலை செய்யாமல் நுரையீரலுக்குள் போய்விடும். எனவே அம்மா கொண்டுபோன காபியை அப்பா குடிக்காமல் இருந்தது ஒரு வகையில் நல்லதுதான்.

இப்போது நேர விஷயம். உங்கள் கேள்வியின் முக்கால்வாசி இதுதான். தூக்கத்தில் வந்த பக்கவாதத்துக்கு மணியை எங்கிருந்து எண்ணுவது? கண்விழித்த நேரத்திலிருந்து அல்ல. அப்பா நன்றாக இருந்ததைக் கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள் என்பதிலிருந்து. ராத்திரி பத்து மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால் பத்து மணிதான் கணக்கு. குழாயை அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம், ஆக அப்பாவுக்கு அது கண்விழிக்கும் முன்பே முடிந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் இதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் 2018-இல் வந்த இரண்டு ஆய்வுகள் இதை மாற்றின. ஐரோப்பாவில் நடந்த ஒன்று, தூங்கி எழும்போது வாதம் வந்திருந்தவர்களுக்கு எம்ஆர்ஐ எடுத்து, பாதிப்பு புதியதுதான் என்று தெரிந்தால் ஊசி போடலாம் என்று காட்டியது. இன்னொன்று டான் என்ற ஆய்வு. பெரிய குழாய் அடைத்து ஆறு மணி முதல் இருபத்துநாலு மணி நேரம் வரை ஆனவர்களில், காப்பாற்றக்கூடிய மூளை இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்து, தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை இழுத்து எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துத் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள் நூற்றுக்கு 49. எடுக்காதவர்களில் 13. இந்தத் துறையில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதனால் ‘நேரம் தாண்டிவிட்டது’ என்பது ஊசிக்குச் சரியாக இருந்திருக்கலாம். கட்டி எடுக்கும் சிகிச்சைக்கும் தாண்டிவிட்டதா என்பது ஸ்கேனைப் பார்க்காமல் சொல்லக்கூடியதல்ல. எடுத்த சிடியில் ரத்தக்குழாய்ப் படமும் எடுத்தார்களா, பெரிய குழாய் அடைப்பா சின்னக் குழாயா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சின்னக் குழாயாக இருந்தால் வருத்தப்பட ஒன்றும் இல்லை. நடுத்தர, சின்னக் குழாய்களில் கட்டியை இழுத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகள் 2025-இல் வந்தன, இரண்டிலும் கூடுதல் பலன் தெரியவில்லை.

இனி அப்பாவுக்கு முக்கியம், எதனால் வந்தது என்பது. இதயத்துடிப்பு தாறுமாறாக இருக்கிறதா, கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று இரண்டையும் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். கையைப் பற்றிக் கடைசியில் வேறொரு வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன், அதையும் படியுங்கள்.

பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் தடவினால் குணமாகும் என்கிறார்களே?
— பெயர் வேண்டாம், திருமங்கலம்

புறாவுக்கு நல்லதல்ல. உங்களுக்கும் பயனில்லை. லேசான வாதம் சில நாட்களில் தானாகவே கொஞ்சம் தெளியும், அந்த நாட்களில் யார் எதைத் தடவினாலும் பேர் அவருக்குப் போய்விடும்.

என் தம்பி அமெரிக்காவில் இருக்கிறான். ஸ்ட்ரோக்குக்குப் புதிய ஊசி வந்திருக்கிறது, ஒரே தள்ளில் போட்டுவிடலாம், இந்தியாவில் கிடைக்காது என்கிறான். அப்படியா?
— சேலம்

தம்பிக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். அந்த ஊசியின் பெயர் டெனெக்டெப்ளேஸ். மாரடைப்புக்கு 2000-ஆம் ஆண்டிலிருந்தே அமெரிக்காவில் அனுமதி உண்டு, ஸ்ட்ரோக்குக்கு அங்கே அனுமதி கிடைத்தது 2025 மார்ச்சில்தான். இந்தியாவில் அதற்குப் பல வருஷம் முன்பே ஸ்ட்ரோக்குக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம், மருந்தும் புணேயில் தயாராகிறது. இந்த ஒரு விஷயத்தில் நாம் முந்திக்கொண்டோம்.

பழைய ஊசி ஆல்டெப்ளேஸ். 1995-இல் அமெரிக்க ஆய்வு வந்து, அடுத்த வருஷம் அனுமதி வாங்கியது. அதில் பத்தில் ஒரு பங்கை முதலில் ஊசியாகத் தள்ள வேண்டும், மிச்சத்தை பம்பில் வைத்து ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டும். கேட்பதற்குச் சாதாரணம்தான். ஆனால் கட்டி எடுக்க வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய நோயாளியை, பம்ப் ஓடிக்கொண்டிருக்க, ஆம்புலன்ஸில் ஏற்றி, வழியில் சார்ஜ் இறங்கி அலாரம் அடிக்க, கூடப் போகிற நர்ஸ் ஒரு கையில் பம்பையும் இன்னொரு கையில் நோயாளியையும் பிடித்துக்கொண்டு போனதை ஒரு தடவை பார்த்தீர்கள் என்றால், சில நொடிகளில் தள்ளி முடித்துவிடும் ஊசியின் அருமை புரியும். கனடாவில் சுமார் 1,600 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2022-இல் வெளியிட்டார்கள். நன்றாகத் தேறியவர்கள் புதியதில் நூற்றுக்கு 37-க்குப் பக்கம், பழையதில் 35-க்குப் பக்கம். அதாவது புதியது பழையதற்குக் குறைந்ததல்ல. போடுவது சுலபம், அவ்வளவுதான். தம்பி சொல்கிற மாதிரி அற்புதமெல்லாம் கிடையாது.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் வாதம் வந்தவர்களை வார்டின் கடைசி வரிசையில்தான் போடுவோம். காலை எட்டு மணிக்கு வந்தாலும் ராத்திரி எட்டு மணிக்கு வந்தாலும் ஒரே கவனிப்பு: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடுவது, முதுகில் பவுடர். அதை நினைத்தால் எனக்கு இந்த ஊசி எந்த ஊரில் முதலில் வந்தது என்பது பெரிய விஷயமாகவே படவில்லை. உங்கள் ஊரில் ராத்திரி இரண்டு மணிக்கு எந்த ஆஸ்பத்திரியில் சிடி ஓடுகிறது, ஊசி ஃப்ரிட்ஜிலோ ஃபார்மஸியிலோ இருப்பு இருக்கிறதா என்று நாளைக்கே ஒரு போன் போட்டுக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கணவருக்கு 58 வயது. கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவருக்குத் திடீரென்று பேச்சு குழறியது, பணம் எண்ண வரவில்லை. பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. வாயு என்கிறார். டாக்டரிடம் வர மறுக்கிறார்.
— விருதுநகர்

வாயு நாக்கைக் குழறவைக்காது. இது மினி ஸ்ட்ரோக். அடைத்த கட்டி தானாகக் கரைந்து வழிவிட்டிருக்கிறது, அவருடைய அதிர்ஷ்டம். அடுத்த கட்டி அப்படி வழிவிட வேண்டும் என்று அவசியமில்லை, அது வருகிறதென்றால் பெரும்பாலும் அடுத்த சில நாட்களிலேயே வந்துவிடும். நீங்கள் எழுதி, தபாலில் வந்து, நான் பதில் எழுதி அச்சாகி வருவதற்குள் அந்த நாட்கள் போய்விட்டிருக்கும் என்பதால் உங்களுக்குத் தனியாக ஏற்கெனவே சொல்லி அனுப்பிவிட்டேன். இது மற்றவர்களுக்காக.

சரியாகிவிட்டதே என்று வீட்டில் இருக்கக்கூடாத நேரம் இதுதான். சீனாவில் 5,170 பேரிடம் நடந்த ஆய்வு 2013-இல் வந்தது. மினி ஸ்ட்ரோக் அல்லது லேசான வாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் ஆஸ்பிரினோடு, ரத்தம் கட்டாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையான க்ளோபிடோக்ரெலும் சேர்த்து மூன்று வாரம் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்குள் ஸ்ட்ரோக் வந்தது நூற்றுக்கு 8 பேருக்கு. ஆஸ்பிரின் மட்டும் சாப்பிட்டவர்களில் கிட்டத்தட்ட 12 பேருக்கு. மருந்து விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனாலும் முதலில் ஸ்கேன் எடுத்துக் கசிவு இல்லை என்று தெரிந்த பிறகுதான். மூன்று வாரத்துக்குப் பிறகும் இரண்டையும் தொடர்ந்து விழுங்கிக்கொண்டே இருப்பவர்களையும் பார்க்கிறேன், பழைய சீட்டைக் காட்டி கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். அது ரத்தப்போக்கில் கொண்டுபோய் விடும்.

கல்லாவில் பணம் எண்ண வரவில்லை என்று கவனித்தீர்கள் பாருங்கள், அது பெரிய விஷயம். அவருக்கே தெரிந்திருக்காது.

ராத்திரி நெஞ்சு வலி வந்தால் எங்கள் கிராமத்திலிருந்து ஆஞ்சியோ ஆஸ்பத்திரி 70 கிலோமீட்டர். என்ன செய்வது?
— ஆசிரியர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

ஐயா, இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. கோவை, சென்னை இதய மருத்துவர்கள், தாமஸ் அலெக்சாண்டரும் அஜித் முல்லசாரியும் முன்னின்று, 2,420 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரியோடு கோத்தார்கள். சின்ன ஊரில் ஈசிஜி எடுத்து, அதை அனுப்பி, தேவையானால் கட்டி கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டு, பிறகு ஆம்புலன்ஸில் பெரிய ஊருக்கு. ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 17.6, இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு 14.2. ஆக, 70 கிலோமீட்டரைத் தாண்டிப் போய்த்தான் சிகிச்சை ஆரம்பிக்க வேண்டும் என்றில்லை.

அரசு 2023-இல் ஆரம்பித்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் தவணை மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின் இரண்டு, க்ளோபிடோக்ரெல் நாலு, கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் எட்டு, மொத்தம் பதினாலு. கை நிறைய மாத்திரையைப் பார்த்து நோயாளி பயந்துபோவார், பயப்பட வேண்டாம். உங்கள் ஊர் நிலையம் ராத்திரியில் திறந்திருக்குமா என்பதை மட்டும் இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். இருமிக்கொண்டே இருந்தால் மாரடைப்பு நிற்கும் என்று ஒரு வாட்ஸப் சுற்றுகிறதே, அதை நம்பி இருமிக்கொண்டே பைக் ஓட்டிப் போகாதீர்கள். 108.

மாடி ஏறினால் லேசாக நெஞ்சை அழுத்துகிறது, நின்றால் சரியாகிவிடும். ஆஞ்சியோவில் 70 சதவீத அடைப்பு. ஸ்டென்ட் வைக்கவில்லை என்றால் எந்த நிமிஷமும் அட்டாக் வரலாம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.
— வங்கி ஓய்வூதியர், திருச்சி

மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது வைக்கிற ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றும், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. உங்களுடையது அதுவல்ல. நடந்தால் வந்து நின்றால் போகிற, மாதக்கணக்கில் ஒரே மாதிரி இருக்கிற வலி. இதற்கு ஸ்டென்ட் வைப்பதால் ஆயுள் கூடுகிறதா என்று 5,179 பேரிடம் பார்த்த இஸ்கீமியா ஆய்வு 2020-இல் வந்தது. மரணமும் மாரடைப்பும் குறையவில்லை, நல்ல மருந்தோடு இருந்தவர்களும் அதே அளவுக்கு நன்றாக இருந்தார்கள். இங்கிலாந்தில் 2017-இல் ஒருபடி மேலே போனார்கள்: 200 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டென்ட், மீதிப் பேருக்கு வைத்த மாதிரி பாவனை. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. ஆறு வாரம் கழித்து நடக்கவிட்டுப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. உடனே, ஸ்டென்ட் எல்லாம் ஏமாற்று என்று எழுதித் தள்ளினார்கள். அதுவும் சரியில்லை. அதே குழு 2023-இல் வலி மருந்துகளை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி குறைந்தது.

எனவே கேட்க வேண்டிய கேள்வி, மருந்து சாப்பிட்டும் மாடி ஏற முடியவில்லையா என்பதுதான். முடியவில்லை என்றால் வலிக்காக வைத்துக்கொள்ளலாம், பயத்துக்காக வேண்டாம். இதில் இரண்டு விலக்கு உண்டு: இடது பக்க முதன்மைக் குழாயின் தொடக்கத்திலேயே அடைப்பு இருந்தாலோ, இதயத்தின் பம்ப் பலம் ரொம்பக் குறைந்திருந்தாலோ இந்த ஆய்வு உங்களுக்குப் பொருந்தாது. ரிப்போர்ட்டில் அந்த இரண்டையும் பாருங்கள். வலி திடீரென்று அதிகமானாலோ சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தாலோ இந்தப் பதிலைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடுங்கள்.

மாரடைப்பு வந்து ஆறு வருஷம். மெட்டோபுரோலால் இனிமேல் தேவையில்லை என்று செய்தியில் படித்தேன். நிறுத்திவிட்டேன். சரிதானே?
— மதுரை

நிறுத்திவிட்டுக் கேட்கிறீர்கள்! மெட்டோபுரோலால் இதயத்துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர் வகை மருந்து. அந்த வகையைப் பற்றி 2025 ஆகஸ்டில் ஒரே சமயத்தில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஸ்பெயின், இத்தாலியில் 8,500 பேர் அளவில் பார்த்தது பலனில்லை என்றது. நார்வே, டென்மார்க்கில் 5,500 பேருக்கு மேல் பார்த்தது கொஞ்சம் பலன் உண்டு என்றது. நீங்கள் முதலாவதை மட்டும் படித்திருக்கிறீர்கள். இரண்டுமே இதயத்தின் பம்ப் ஓரளவு நன்றாக இருப்பவர்களைப் பற்றியது. உங்கள் எக்கோ ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்று எழுதவே இல்லையே. திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறும், வலியும் திரும்பலாம். இன்றைக்கே உங்கள் டாக்டரைப் பாருங்கள். நிறுத்தச் சொன்னாலும் படிப்படியாகத்தான் நிறுத்துவார்.

எனக்கு 72. எந்த நோயும் இல்லை. தினம் ஒரு ஆஸ்பிரின் போடலாமா?
— நாகர்கோவில்

வேண்டாம். உங்கள் வயதுக்காரர்கள் 19,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்தாயிற்று, 2018-இல். இதயத்துக்கு லாபம் இல்லை, ரத்தப்போக்குதான் கூடியது. ஏற்கெனவே அட்டாக்கோ ஸ்ட்ரோக்கோ வந்தவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், உங்களுக்கு அது வேண்டும்.

அம்மாவுக்கு வாதம் வந்து நாலு மாதம். ஸ்ட்ரோக் பற்றி வருகிற வீடியோ எல்லாம் அவருக்கும் போட்டுக் காட்டுகிறேன். தலையாட்டுகிறார், மாத்திரையை மட்டும் போடுவதில்லை. பிசியோ வந்து போன பிறகு கையை அசைப்பதும் இல்லை.
— மகன், தஞ்சாவூர்

தம்பி, நீங்கள் செய்வதை இந்தியாவே செய்து பார்த்துவிட்டது. 31 ஆஸ்பத்திரிகளில் 4,298 பேருக்கு, அவரவர் மொழியிலேயே குறுஞ்செய்தி, வீடியோ, புத்தகம் எல்லாம் கொடுத்து, மறுபடி ஸ்ட்ரோக் வருவது குறைகிறதா என்று பார்த்தார்கள். குறையவில்லை. 2023-இல் வெளியிட்டார்கள். அதைப் படித்தபோது இந்தப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிற எனக்கும் கொஞ்சம் சுருக்கென்றது. வீட்டாருக்கே பயிற்சி கற்றுக்கொடுத்து அனுப்பினால் போதுமா என்று 1,250 பேரிடம் பார்த்ததும் நம் நாட்டில்தான், 2017-இல். அதிலும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே பிசியோவை நிறுத்திவிட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

மாத்திரைக்கு வருவோம். அம்மா ஏன் போடுவதில்லை என்று கேட்டீர்களா? என்னிடம் வந்த ஒரு அம்மா இப்படித்தான், ஒழுங்காக இருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார். மகன் திட்டிப் பார்த்தார், மருமகள் கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் பார்த்தால், வலது கை விழுந்துபோனதால் இடது கையால் அந்த அட்டையைக் கிழித்து மாத்திரையை எடுக்க வரவில்லை, ஒவ்வொரு வேளையும் யாரையாவது கூப்பிட வெட்கம். மருமகள் பழைய அஞ்சறைப்பெட்டியைக் கழுவிக் காயவைத்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் மாத்திரைகளைப் பிரித்து அதில் போட்டு வைத்தார். கிண்ணம் ஏழு, நாளும் ஏழு. மூடியை இடது கையால் தூக்க முடிகிறது. அடுத்த தடவை வந்தபோது பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார், திறந்தால் இன்னும் கொஞ்சம் வெந்தய வாசனை அடித்தது.